டிரெய்லரிலிருந்து மூலக்கதைக்கு: காஸ்மிக் ஹாரர் படத்தின் வேரைப் பிடிப்பது எப்படி

திகில் படத்தின் டிரெய்லர் வந்த அன்றே "இது லவ்கிராஃப்ட் கதை" என்ற பேச்சு கிளம்பிவிடும். லவ்கிராஃப்ட் ஓர் அமெரிக்க எழுத்தாளர். மனிதரைப் பொருட்படுத்தாத, விளங்காத ஏதோ ஒன்று வெளியிலிருந்து வரும் 'காஸ்மிக் ஹாரர்' கதைவகைக்குப் பெயர்போனவர். கேட்டால், ஓர் ஆக்டோபஸ் கையையோ கடலடியில் அசையும் பெரிய நிழலையோ காட்டுவார்கள். அது சான்றாகாது. அந்த உருவத்தை எந்த வரைகலைக் குழுவும் ஒரு வாரத்தில் போட்டுவிடும். என்ன நடக்கிறது, எந்த வரிசையில் நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் மூலக்கதை பிடிபடும். படம் வருவதற்கு முன்பே அதை ஓரளவு செய்ய முடியும். ஒரு நோட்டும் இரண்டு மூன்று மாலை நேரமும் போதும்.

முதலில் போஸ்டரின் அடியில் நெருக்கி அச்சிட்ட பெயர்களைப் படியுங்கள். 'பேஸ்டு ஆன்' (இதைத் தழுவியது) என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லாவிட்டால் எழுத்தாளர் பெயருக்கு முன் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஹாலிவுட் எழுத்தாளர் சங்க விதிப்படி கதை, திரைக்கதை இரண்டும் ஒருவருடையதே என்றால் 'ரிட்டன் பை' (எழுதியவர்) வரும். நாவலோ சிறுகதையோ மூலமாக இருந்தால் பெரும்பாலும் 'ஸ்கிரீன்பிளே பை' (திரைக்கதை) தனியாக நிற்கும். சங்கத்துக்கு வெளியே எடுக்கும் சிறு படங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பெயர் போடவில்லை என்பதால் மூலம் இல்லை என்றும் ஆகிவிடாது. எச். பி. லவ்கிராஃப்ட் 1937 மார்ச்சில் இறந்தார். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. ஆகவே அவர் வாழ்நாளில் வெளிவந்த எழுத்து இங்கே எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டது. அமெரிக்காவிலும் 1920களில் அச்சான அவருடைய கதைகளுக்கு 95 ஆண்டுக் காலம் முடிந்துவிட்டது. யாரிடமும் கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம். தலைப்பு நேரெதிராக ஏமாற்றுவதும் உண்டு. ரோஜர் கோர்மன் 1963இல் எடுத்த 'தி ஹாண்டட் பேலஸ்' எட்கர் ஆலன் போவின் கவிதைத் தலைப்பில் விற்கப்பட்டது. உள்ளே இருந்த கதை லவ்கிராஃப்டின் 'தி கேஸ் ஆஃப் சார்ல்ஸ் டெக்ஸ்டர் வார்ட்'.

அடுத்து டிரெய்லர். மூன்று முறை பாருங்கள். முதல் முறை ஒலி இல்லாமல்: இசை சொல்லித்தரும் பயத்தைக் கழித்துவிட்டு, கண்ணில் படும் பொருள்களை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் முறை திரையைப் பார்க்காமல் வசனத்தை மட்டும் கேளுங்கள். மூன்றாம் முறை 0.25 வேகத்தில். கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே கொண்டுவரும். பெயர்ப்பலகை, வரைபடம், புத்தக முதுகு, நாட்காட்டி எல்லாம் அப்போதுதான் தெரியும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டிரெய்லரின் வரிசை படத்தின் வரிசை அல்ல. வெட்டுபவர் முதல் பாதிக் காட்சியைக் கடைசியிலும் வைப்பார். வரிசையைக் காட்சிக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். செடி பச்சையாக இருக்கிறதா, வெளுத்துவிட்டதா? சன்னலில் பலகை அடித்தாயிற்றா? கட்டு போட்ட கை எந்தக் காட்சிகளில் வருகிறது? இவற்றை வைத்து ஷாட்டுகளைக் கால வரிசையில் திருப்பி அடுக்குங்கள்.

இனி ஒப்பிடுவதற்கு ஒரு படிக்கட்டு வேண்டும். சந்தேகப்படும் கதையை எட்டு ஒன்பது நிகழ்ச்சிகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பொதுவானவற்றை விட்டுவிட்டு, அந்தக் கதைக்கே உரியதை மட்டும் எடுங்கள். பழகுவதற்கு மிக நல்ல கதை, 1927 செப்டம்பர் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் வந்த 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்'. சுமார் 12,000 சொற்கள்தான். பண்ணைவீட்டுக் கிணற்றருகே விண்கல் விழுகிறது. அது ஆறவே இல்லை, ஆனால் நாளுக்கு நாள் சுருங்குகிறது. உள்ளே பெயர் சொல்ல முடியாத நிறத்தில் ஒரு குமிழ். சுத்தியல் பட்டதும் உடைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. புயலில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு முறை அந்த இடத்தில் மின்னல் இறங்குகிறது, மறுநாள் கல்லைக் காணோம். பழங்கள் பெருக்கின்றன, வாயில் வைத்தால் கசப்பு. மரங்கள் காற்றில்லாமல் அசைகின்றன, செடிகள் இருட்டில் ஒளிர்கின்றன. கால்நடைகள் சாம்பல் நிறமாகி நொறுங்குகின்றன. மனைவி புத்தி பேதலித்து மேல்மாடத்தில் பூட்டப்படுகிறாள், பிள்ளைகள் கிணற்றடியில் காணாமல் போகிறார்கள். கடைசியில் நிறம் வானேறுகிறது. ஒரு துளி மட்டும் திரும்பி விழுகிறது. அந்த நிலத்தை ஒரு நீர்த்தேக்கம் மூழ்கடிக்கப்போகிறது என்ற செய்தியோடு கதை சொல்லப்படுகிறது. ஆக ஒன்பது படி.

இதில் தனியாகக் குறிக்க வேண்டியது அந்த மனைவியின் பிதற்றல். அவள் பேச்சில் ஒரு பெயர்ச்சொல்கூட வராது. 'அது அசையுது, மாறுது' என்கிற மாதிரி வினையும் சுட்டும் மட்டுமே. பார்த்ததற்குப் பெயர் இல்லை என்பதை இலக்கணத்தாலேயே காட்டிய இடம் அது. புதிய படத்தின் வசனத்தில் இது கேட்டால், திரைக்கதை எழுதியவர் கதையைக் கூர்ந்து படித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

படிக்கட்டைத் தெரிந்த படங்களில் வைத்துப் பாருங்கள். இதே கதையை வைத்து ரிச்சர்ட் ஸ்டான்லி எடுத்த 2019 படத்தில் கிணறு, கல், மின்னல், கெட்ட சுவையுள்ள விளைச்சல், நீர்த்தேக்கத்துக்காக வரும் ஆள் எல்லாம் ஏறக்குறைய வரிசையாக நிற்கின்றன. தாயும் மகனும் ஒட்டிப்போகும் காட்சி கதையில் கிடையாது. அது, உடல் உருக்குலைவதைக் காட்டிப் பயமுறுத்திய 1980களின் திகில் படங்கள் தந்தது. இதே கதையை வைத்து 2010இல் வந்த ஜெர்மன் படம் முழுதும் கறுப்பு வெள்ளையில் போய், விண்கல்லோடு வந்த அந்த நிறத்துக்கு மட்டும் வண்ணம் கொடுத்தது. தெரியாத நிறத்தைத் திரையில் காட்ட இதைவிட நேர்மையான வழி இல்லை. 2018இன் 'அனைஹிலேஷன்' படத்திலும் வானிலிருந்து ஒன்று விழுகிறது, உயிர்கள் உருமாறுகின்றன. ஆனால் குடும்பம் இல்லை, கிணறு இல்லை, ஆட்கள் தாங்களாகவே உள்ளே போகிறார்கள். அதன் மூலக்கதை ஜெஃப் வாண்டர்மீர் 2014இல் எழுதிய நாவல். இரண்டு படி பொருந்துவதை வைத்து உறவு சொல்லக்கூடாது என்பதற்கு இதுவே உதாரணம்.

எந்தக் கதையோடு ஒப்பிடுவது என்பதை டிரெய்லரின் இடம் சொல்லும். அண்டார்டிகா என்றால் உடனே 'அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' என்று எழுதிவிடாதீர்கள். 1936இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் அது வந்தது. இரண்டே ஆண்டில், அதே இதழில், ஜான் டபிள்யூ. கேம்ப்பெலின் 'ஹூ கோஸ் தேர்?' வந்தது. 1982இன் 'தி திங்' பின்னதிலிருந்து வந்தது. பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: ஆட்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்களா, அல்லது புதைந்த நகரத்தின் சுவர்ச் சிற்பங்களைப் படிக்கிறார்களா? முதலாவது கேம்ப்பெல், இரண்டாவது லவ்கிராஃப்ட்.

ஆற்றுத் தீவு, இரண்டு பேர், ஒரு படகு, மணலில் புனல் வடிவக் குழிகள் என்றால் அல்ஜெர்னான் பிளாக்வுட் 1907இல் எழுதிய 'தி வில்லோஸ்' பக்கம் போங்கள். தோலில் காளான் படர்ந்தால் அதே ஆண்டு வந்த ஹாட்ஜ்சனின் 'தி வாய்ஸ் இன் தி நைட்'. ஜப்பானில் 1963இல் 'மட்டாங்கோ' ஆனது அதுதான். கார்கோசா என்ற கற்பனை ஊரின் பெயர் மட்டும் கிடைத்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆம்ப்ரோஸ் பியர்ஸ் 1886இல் எழுதியதை ராபர்ட் சேம்பர்ஸ் 1895இல் எடுத்தாண்டார், பிறகு பலர் கைமாற்றினார்கள். ஊர்ப்பெயர் அலங்காரமாகவும் இருக்கலாம்.

காஸ்மிக் ஹாரரில் மந்திரம் பலிக்காது என்று ஒரு விதி சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் 1929இன் 'தி டன்விச் ஹாரர்' கதையில் பல்கலைக்கழக அறிஞர்கள் மந்திரம் சொல்லித்தான் அந்த உருவத்தை ஒழிக்கிறார்கள். ஆகவே சடங்குக் காட்சி ஒன்றைப் பார்த்ததும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். மனிதர் செய்த பாவத்துக்குத் தண்டனையாக அது வருகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது பேய்க்கதை மரபு. காஸ்மிக் ஹாரரில் வரும் ஒன்றுக்கு நம்மைப் பற்றி அக்கறையே கிடையாது.

தீர்ப்பை மூன்று சொற்களில் ஒன்றாக எழுதுங்கள். ஒன்பதில் ஐந்தும் அதற்கு மேலும், வரிசை மாறாமல் பொருந்தினால் தழுவல். மூன்று நான்கு பொருந்தி, அதில் ஒன்றாவது அந்தக் கதைக்கே உரிய நுணுக்கமாக இருந்தால் தாக்கம். மற்றதெல்லாம் சாயல். பக்கத்தில் தேதி போட்டு வையுங்கள். முடிவைச் சொல்லும் படியை டிரெய்லர் அநேகமாகக் காட்டாது. அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, தியேட்டரில் கடைசிப் பத்து நிமிடத்தில் வந்தது முழுதாகப் போகிறதா, கொஞ்சம் தங்குகிறதா என்று பார்த்து நிரப்புங்கள்.