பிரிந்து போன ஒரு சின்னக் கட்சியின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்த ஒரு சிறு குழுவின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள், முதலில் அதன் கொள்கை அறிக்கையைத் தேடிப் போகிறார்கள். அதைக் கடைசியில் படியுங்கள் என்பேன். பிரிந்த பிறகு, பிரிந்ததற்கு நியாயம் சொல்ல எழுதப்படுவது அது. ஏன் பிரிந்தோம் என்பது பக்கம் பக்கமாக இருக்கும். எப்போது, யாரோடு, யார் காசில் என்பது இருக்காது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொள்ளும் தோழர்களின் வெளியீடுகள் ஒரே மேஜைக்கு வரும். அங்கே பழகிய பழக்கம், எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியிலுள்ள பொடி எழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

2024 வரை நடப்பிலிருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் இடமும் அதில் இருந்தாக வேண்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில், ஆண்டுதோறும் 'படிவம் 4' என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் எல்லாரும் முகவரியோடு அதில் வந்துவிடுவார்கள். வாசகர்கள் கண்ணை ஓடவிட்டுத் தாண்டிப் போகும் இடம் அது. மார்ச் இதழ்களை மட்டும் எடுத்து ஆண்டுவாரியாக அடுக்குங்கள். ஆசிரியர் அப்படியே இருக்க, வெளியிடுபவர் மட்டும் மாறியிருக்கிறாரா? வெளியிடும் முகவரி கட்சி அலுவலகத்திலிருந்து யாரோ ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறதா? அந்த வருடத்து மாநிலக் குழுக் கூட்டங்களைத் துருவுங்கள். அச்சகம் மட்டும் மாறியிருந்தால் அவசரப்பட வேண்டாம். பாக்கி ஏறிப்போய் அச்சகம் மாற்றுவது எல்லாக் கட்சியிலும் உண்டு, அதில் சித்தாந்தம் ஒன்றும் இல்லை.

பத்திரிகை எவ்வளவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்பதற்கு, மார்க்சிஸ்ட் கட்சி உருவான பெரிய பிளவையே பாருங்கள். 1964 ஏப்ரல் 11 அன்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்ததைத்தான் எல்லாரும் தொடக்கமாக எழுதுவார்கள். ஆனால் கட்சிக்கு ஜனசக்தி என்ற ஏடு இருக்கும்போதே, பின்னாளில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏடான தீக்கதிர் 1963 ஜூனில் வந்துவிட்டது. பத்திரிகை முதலில், கட்சி அப்புறம்.

அடுத்து, தாய்க்கட்சியின் மாநாடுகளை வரிசையாக எழுதி வையுங்கள். பிரிந்த குழுவின் கதை அங்கேதான் கருக்கொள்ளும். யூ.சி.பி.ஐ. எனப்பட்ட ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சியை எடுத்துக்கொள்வோம். நெருக்கடி நிலைக் காலத்தில் இந்திரா காந்தியை ஆதரித்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, 1978-இல் பட்டிண்டா மாநாட்டில் அந்தப் பாதையைக் கைவிட்டது. கட்சித் தலைவராக இருந்த எஸ்.ஏ. டாங்கே அதை ஏற்கவில்லை. 1980-இல் அவர் மகள் ரோசா தேஷ்பாண்டே உள்ளிட்டோர் அகில இந்திய கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். 1981-இல் டாங்கேயே நீக்கப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். 1985-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இன்னொரு தலைவரான மோகித் சென் வெளியேறினார். பிறகு இந்த ஓடைகள் கலந்து, மோகித் சென்னைப் பொதுச் செயலாளராகக் கொண்டு ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சி உருவானது. தொடக்க மாநாட்டிலிருந்து மட்டும் எழுத ஆரம்பித்தால், முன்னால் நடந்த பத்து வருட இழுபறி முழுவதும் விட்டுப்போகும்.

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவரங்களை நம்பலாம், ஆனால் கட்சிப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தா. பாண்டியன் 1989-இலும் 1991-இலும் வடசென்னையில் வென்று மக்களவைக்குப் போனார். அவர் ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், நின்றதோ கை சின்னத்தில். ஆணையத்தின் கணக்கில் அவர் காங்கிரஸ். சின்னக் கட்சிகள் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பது வழக்கம்தான். அதனால் ஆட்களின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

செய்தித்தாள்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டாங்கே இறந்தது 1991 மே 22. முந்தைய இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார், அங்கேயே தா. பாண்டியனும் படுகாயம் அடைந்திருந்தார். அந்த வாரத்து நாளிதழ்களில் டாங்கேயைத் தேடுகிறவர்கள் உள்பக்கங்களைப் பொறுமையாகப் புரட்ட வேண்டும். இறப்புச் செய்தி சின்னதாக இருப்பதை வைத்து, ஆள் மறக்கப்பட்டுவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆவணக் காப்பகத்தில் கிடைத்த தாள் என்பதாலேயே எதுவும் தீர்ந்துவிடாது. 1924-இல் சிறையிலிருந்து டாங்கே ஆங்கிலேய அரசுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் 1964 மார்ச்சில் பம்பாய்ப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தன. போலி என்றார் டாங்கே. அடுத்த மாதம் வெளிநடப்பு. கடிதத்தில் என்ன இருந்தது என்பதோடு, நாற்பது வருடம் கழித்து அது எந்த வேளையில் வெளியே எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆட்களைப் பார்க்கப் போகும்போது கொள்கைக் கேள்வியோடு போகாதீர்கள். திரிபுவாதம், சந்தர்ப்பவாதம் என்று ஆரம்பித்தால் அறிக்கையை அப்படியே ஒப்பிப்பார்கள், தேநீர் ஆறிவிடும். சங்க அலுவலகச் சாவி யாரிடம் இருந்தது, சந்தாப் புத்தகத்தை யார் எடுத்துப் போனார், சைக்ளோஸ்டைல் இயந்திரம் எந்தப் பக்கம் போனது, முழுநேர ஊழியருக்கு அலவன்ஸ் எந்த மாதத்தோடு நின்றது என்று கேளுங்கள். ஆள் நிமிர்ந்து உட்கார்வார். அவர் மனைவியும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்து படுத்த தோழர்கள் யார், எந்த வருடத்தோடு வருவதை நிறுத்தினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பழைய சுற்றறிக்கைகளைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுக்காதீர்கள், மூலை கையோடு வந்துவிடும். தேதி இல்லாவிட்டாலும் சுற்றறிக்கை எண் இருக்கும். ஒரே எண்ணில் இரண்டு தாள்கள், இரண்டு கையெழுத்துகளோடு கிடைத்தால், பிளவு நடந்த வாரத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

உறுப்பினர் எண்ணிக்கை என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னதாகவே எழுதுங்கள். அச்சகத்துப் பில் கிடைத்தால் அது உத்தமம். எத்தனை பிரதி அடித்தார்கள் என்பதில் யாரும் வீரம் காட்ட மாட்டார்கள், காசு கொடுக்க வேண்டுமே.

கதையை எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். தா. பாண்டியன் 2000-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கே திரும்பி, 2005-இல் அதன் மாநிலச் செயலாளராகவும் ஆனார். மோகித் சென் 2003-இல் இறந்தார். பிரியும்போது நூறு பக்கம் எழுதுகிறவர்கள், திரும்பும்போது பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடித்துக்கொள்வார்கள். அந்தப் பத்தி பிரிந்த குழுவின் ஏட்டில் இருக்காது. தாய்க்கட்சியின் ஏட்டில், வரவேற்புக் கூட்டச் செய்தியில் தேடுங்கள். மேடையில் யார் யார் இருந்தார்கள் என்ற வரியை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத பெயர்களைத் தேடித்தான் அடுத்த பேட்டிக்குப் போக வேண்டியிருக்கும்.