தோட்டத்து நாய்க்கும் வீட்டுப் பூனைக்கும் தடுப்பூசி

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் பட்டிக்குக் காவலிருக்கும் நாயானாலும், கோவை அடுக்ககத்தில் வளரும் நாயானாலும் தடுப்பூசிக் கணக்கு ஒன்றுதான். நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பருக்கான கூட்டு ஊசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வாரத்திற்குள் தொடங்கி, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் ஊசியின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால், 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். வெறிநோய் ஊசியை 3 மாதத்தில் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வாய்க்காலில் புரளும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசியும் நல்லது.

எலி பிடிக்கத்தானே என்று பூனைக்கு ஊசி போடாமல் விட்டுவிடுகிறோம். அதற்கும் வெறிநோய் வரும்.

மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டுமாதலால், கடையில் வாங்கி வெயிலில் எடுத்துச் செல்லாமல், கால்நடை மருந்தகத்திலேயே போட்டு, அட்டையில் தேதியைக் குறித்து வாங்குங்கள்.