சாமுராய்களுக்கும் போர்த்துறவிகளுக்கும் நடந்த சண்டைகளை எப்படிப் படிப்பது?

ஜப்பானிய சாமுராய்கள் பௌத்தக் கோயில்களோடு மோதிய வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்திடம் சிக்கிக்கொள்கிறார்கள். தலையையும் முகத்தையும் வெள்ளைத் துணியால் சுற்றி மூடி, அங்கிக்குள் கவசம் அணிந்து, நீண்ட பிடியில் வளைந்த அலகு பொருத்திய நாகினாதாவை ஊன்றி நிற்கும் துறவி. எதிரே உருவிய வாளோடு ஒரு சாமுராய். படம் அழகானதுதான். ஆனால் ஏறத்தாழ 600 ஆண்டுக் காலம் பல காரணங்களுக்காக நடந்த சண்டைகளை இந்த ஒரே படத்துக்குள் திணித்துவிட்டால், யார் எதற்காக யாரோடு போரிட்டார்கள் என்பது கடைசிவரை பிடிபடாது. இந்த வரலாற்றைக் குழப்பமின்றிப் படிக்கவும், பிறகு அதைப் பற்றி எழுதவும் விரும்புவோருக்காக, நான் பின்பற்றும் முறையை இங்கே விவரிக்கிறேன்.

முதல் வேலை, பெயர்களைப் பிரித்தறிவது. இன்று போர்த்துறவி என்ற பொருளில் எல்லோரும் பயன்படுத்தும் 'சோஹெய்' என்ற சொல் சண்டைகளெல்லாம் ஓய்ந்த பிறகு, எடோ எனப்படும் ஆட்சிக்காலத்தில்தான் (1603–1868) பரவலாக வழங்கத் தொடங்கியது. பழைய ஆவணங்கள் கோயில் கூட்டத்தை 'தாய்ஷு' என்றும் 'ஷுதோ' என்றும் குறிக்கின்றன. அடங்காமல் வன்முறையில் இறங்கியவர்களை 'அகுசோ', அதாவது கெட்ட துறவிகள், என்று ஏசுகின்றன. ஆயுதம் தூக்கியவர்கள் எல்லோரும் முறையாகத் தீட்சை பெற்ற துறவிகளும் அல்லர். கோயிலின் எடுபிடி வேலையாட்கள், கோயில் நிலங்களை மேற்பார்த்தவர்கள், அருகிலிருந்த ஷின்தோ ஆலயங்களின் பணியாளர்கள் எனப் பலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். ஹியெய் மலையின் தலைமைத் துறவியாக இருந்த ரியோகென் 970ஆம் ஆண்டில் 26 விதிகளை வெளியிட்டு, துறவிகள் ஆயுதம் ஏந்துவதையும் முகத்தை மூடிக்கொண்டு திரிவதையும் கண்டித்தார். ஒரு தடையைப் படிக்கும்போது, தடுக்கப்பட்ட பழக்கம் அந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு மோதலிலும் கோயிலின் நிலம் எங்கே இருந்தது என்று கேளுங்கள். கியோத்தோவுக்கு வடகிழக்கே ஹியெய் மலைமீது இருந்த என்ரியாகு-ஜி, பிவா ஏரிக்கரையில் இருந்த மீ-தெரா, நாராவில் இருந்த கோஃபுகு-ஜி, தோதாய்-ஜி ஆகியவை வழிபாட்டிடங்களாக மட்டும் இருந்ததில்லை. பரந்த நிலவுடைமை, அரசவையில் செல்வாக்கு, சொந்த ஆட்படை ஆகிய மூன்றும் கொண்ட அதிகார மையங்களாக இருந்தன. நில வரியில் அரசு அலுவலர் கை வைத்தாலோ, தலைமைப் பதவிக்கு வேண்டாதவர் நியமிக்கப்பட்டாலோ, ஹியெய் மலைக் கூட்டம் ஹியே ஆலயத்தின் தெய்வப் பல்லக்குகளைச் சுமந்துகொண்டு தலைநகருக்குள் இறங்கிவிடும். கோஃபுகு-ஜி கூட்டம் கசுகா ஆலயத்தின் புனித மரக்கிளையை ஏந்தி வரும். இதற்கு 'கோசோ' என்று பெயர். காவலுக்கு நிறுத்தப்பட்ட சாமுராய்களின் நிலைமைதான் தர்மசங்கடம்: கூட்டத்தைத் தடுத்தே ஆக வேண்டும், ஆனால் எய்த அம்பு பல்லக்கில் பட்டுவிட்டால் தெய்வக் குற்றம் வந்து சேரும். காமோ ஆற்று வெள்ளம், சூதாட்டப் பகடை, மலைத் துறவிகள் ஆகிய மூன்றும் தம் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை என்று பேரரசர் ஷிரகாவா நொந்துகொண்டதாக, தைரா குலத்தின் கதையைச் சொல்லும் 'ஹெய்கே மோனோகதாரி' என்ற போர்க்காவியம் கூறுகிறது.

இந்த இடத்திலேயே காலத்தை இரண்டாகப் பகுத்துக்கொள்வது நல்லது. முந்தையது, பழம்பெரும் கோயில்களும் அரசவையும் ஹெய்கே (தைரா), கெஞ்சி (மினமோதோ) போன்ற போர்க்குலங்களும் மோதிய காலம். பிந்தையது, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்தப் பிரிவின் பக்தர்கள் 'இக்கோ-இக்கி' என்ற பெயரில் எழுந்த காலம். பின்னவர்களைப் போர்த்துறவிகள் என்று எழுதுவது பெரும் பிழை என்பேன். அவர்களில் உழவர்களும் வணிகர்களும் ஊர்ப்புறச் சாமுராய்களும் இருந்தார்கள். அவர்களுடைய குருமார்கள் மணம் செய்துகொண்டு குடும்பமாக வாழ்ந்தவர்கள்.

போர்க்காட்சிகளைப் படிக்கும் முறைக்கு, 1180இல் உஜி ஆற்றுப் பாலத்தில் நடந்த சண்டையை எடுத்துக்கொள்ளலாம். தைரா குலத்துக்கு எதிராகக் கிளம்பிய இளவரசர் மொச்சிஹிதோவும் முதிய வீரர் மினமோதோ யோரிமாசாவும் மீ-தெராவின் துறவிகளோடு நாராவை நோக்கித் தப்பிச் செல்கையில், துரத்தி வந்த படையைத் தடுக்கப் பாலத்தின் பலகைகளைப் பெயர்த்துவிடுகிறார்கள். காவியத்தின்படி, ஜோம்யோ என்ற துறவி முன்னே வந்து தம் பெயரை உரக்கச் சொல்லி, தூணியிலிருந்த 24 அம்புகளில் 23ஐ எய்து 12 பேரைக் கொன்று 11 பேரைக் காயப்படுத்துகிறார், ஒன்று மிஞ்சுகிறது. பிறகு வில்லை எறிந்துவிட்டு, தூணியைக் கழற்றி, காலணியையும் உதறிவிட்டு, பலகையற்ற பாலத்தின் குறுகிய உத்தரத்தின்மேல் வெறுங்காலோடு ஓடுகிறார். நாகினாதா ஆறாவது ஆளிடம் முறிகிறது; வாள் ஒன்பதாவது ஆளின் தலைக்கவசத்தில் பட்டு உடைகிறது. கடைசியில் தவழ்ந்து திரும்பி, பியோதோ-இன் கோயில் வாயிலருகே புல்தரையில் கவசத்தைக் கழற்றி வைத்து அம்புத் தடங்களை எண்ணுகிறார்: 63 தடங்கள், உள்ளே துளைத்தவை ஐந்து.

இத்தகைய பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை, கணக்கை ஒதுக்கிவிடுங்கள். அம்பும் சாவும் இத்தனை கச்சிதமாகக் கூட்டிக் கழித்து வருவது கதைசொல்லியின் கைவண்ணம். இந்தக் காவியம் பீவா என்ற நரம்புக் கருவியை இசைத்துப் பாடிய பார்வையற்ற பாணர்களின் வாயில் வளர்ந்து, இன்று பெரிதும் பயிலப்படும் வடிவத்தில் 1371இல்தான் எழுத்தாக நிலைபெற்றது. இரண்டாம் முறை, கதைசொல்லி மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லாத செய்திகளைப் பொறுக்கி எடுங்கள். துறவி முதலில் நம்பியது வில்லை. நாகினாதா அதற்குப் பிறகுதான். அவர் சண்டையிடும் முறையும், பெயர் சொல்லிச் சவால் விடும் வழக்கமும் சாமுராயினுடையவற்றிலிருந்து சற்றும் மாறுபடவில்லை. முக்கியமாக, அவர் போரிடுவது ஒரு சாமுராய்த் தலைவரின் பக்கம் நின்று, வேறு சாமுராய்களுக்கு எதிராக. இறுதியில் தைரா தரப்பின் குதிரைவீரர்கள் நெருக்கமாக அணிவகுத்து ஆற்றையே நீந்திக் கடந்துவிட, யோரிமாசா பியோதோ-இன் வளாகத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மடிகிறார்.

தேதிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. அதே ஜப்பானிய ஆண்டின் 12ஆம் மாதம் 28ஆம் நாள் தைரா ஷிகெஹிராவின் படை நாராவுக்குள் புகுந்தபோது தீப்பிடித்து, தோதாய்-ஜியின் மாபெரும் புத்தர் மண்டபமும் கோஃபுகு-ஜியும் எரிந்தன. சில நூல்கள் இதை 1180 என்கின்றன, சில 1181 என்கின்றன, இரண்டிலும் தவறில்லை. பழைய சந்திர நாட்காட்டியின் ஆண்டிறுதி, மேற்கத்திய நாட்காட்டியில் 1181 ஜனவரியில் விழுகிறது. குறிப்பெடுக்கும்போது ஜப்பானிய மாதத்தையும் மேற்கத்திய மாதத்தையும் அருகருகே எழுதிக்கொள்ளும் பழக்கம் பின்னால் பெரிதும் உதவும். (இரவுச் சண்டைக்கு வெளிச்சம் வேண்டி வைத்த தீ காற்றில் பரவியது என்பது காவியத்தின் விளக்கம். நாராவின் துறவிகள் அதை ஏற்றதாகத் தெரியவில்லை. 1185இல் ஷிகெஹிரா அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்.)

இக்கோ-இக்கி காலத்துக்கு வரும்போது, 'சாமுராய் ஒரு பக்கம், துறவி மறு பக்கம்' என்ற கோட்டை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். காகா மாகாணத்தின் ஆளுநர் தொகாஷி மசாச்சிகா, 1474இல் தம் தம்பியோடு நடந்த பதவிச் சண்டையில் இந்த பக்தர்களின் துணையோடுதான் வென்றார். 1488இல் அதே பக்தர்கள் அவருடைய கோட்டையை முற்றுகையிட்டு அவரைச் சாகடித்தார்கள். அதன்பின் 1580 வரை, ஏறத்தாழ நூறாண்டு, அம்மாகாணம் அவர்கள் கையில் இருந்தது. மிகாவாவில் 1563இல் கிளர்ச்சி வெடித்தபோது, அந்த மாகாணத்தின் போர்த்தலைவர் தொகுகாவா இயேயாசுவின் சொந்த வீரர்களிலேயே பலர் எசமானரை விட்டு எதிரணிக்குப் போனார்கள். பிற்காலத்தில் அவருக்கு நெருங்கிய ஆலோசகராக விளங்கிய ஹோந்தா மசானோபுவும் அவர்களில் ஒருவர். கோயில்களும் தமக்குள் ஒற்றுமையாக இல்லை: 1465இல் ஓதானியில் இருந்த, ஜோதோ ஷின்ஷுவின் தலைமைக் கோயிலான ஹொங்கன்-ஜியை இடித்தவர்கள் ஹியெய் மலைக்காரர்களே.

எண்ணிக்கைகளைக் கையாள 1571ஐ விடத் தக்க பாடம் இல்லை. முந்தைய ஆண்டு தம் எதிரிகளான அசாய், அசகுரா குலங்களின் படைகளுக்கு ஹியெய் மலை புகலிடம் தந்ததால், போர்த்தலைவர் ஒடா நொபுனாகா மலையைச் சூழ்ந்து என்ரியாகு-ஜியைக் கொளுத்தினார். கொல்லப்பட்டவர்கள் 1,500 பேர் அளவில் என்றும், 3,000 முதல் 4,000 வரை என்றும் அக்காலத்தவரின் எழுத்துகளே வேறுபடுகின்றன. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உறுதியாக எழுதுவதைவிட, வீச்சை அப்படியே தருவதுதான் நேர்மை. மேலும், பின்னாளில் மலைமீது நடந்த அகழாய்வுகளில் அந்தக் காலத்துத் தீத்தடங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கிடைத்தன. பல கட்டடங்கள் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து எழுந்தது. மலை முழுவதும் ஒரே தீயாய் எரிந்தது என்று எழுதப் பேனாவை எடுக்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒசாகாவின் இஷியாமா ஹொங்கன்-ஜி முற்றுகையை (1570–1580) படிக்க வரைபடம் இல்லாமல் உட்காராதீர்கள். கோயிலைச் சுற்றி ஆறுகளும் கிளைவாய்க்கால்களும், மேற்கே கடலும் இருந்ததால், அதை வீழ்த்துவது வாள்வீச்சின் வேலையாக இல்லாமல் உணவுக் கப்பல்களை நிறுத்தும் வேலையாகிவிட்டது. 1576இல் மோரி குலத்தின் கப்பல்கள் கிசு ஆற்று முகத்தில் நொபுனாகாவின் கப்பல்களை எரித்துவிட்டு உள்ளே பண்டம் சேர்த்தன. 1578இல் குகி யோஷிதகா கட்டிய பெருங்கப்பல்கள் அந்த வழியை அடைத்தன. கோயில் தலைவர் கென்னியோ பத்தாண்டு தாக்குப்பிடித்ததற்கு வெளியிலிருந்த கூட்டாளிகளும் காரணம். அவருடைய மனைவியும் நொபுனாகாவின் எதிரியான போர்த்தலைவர் தகேதா ஷிங்கெனின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். இறுதியில் பேரரசரின் சமரசத்தால் அவர் வெளியேறினார். இதோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டியது நகாஷிமா என்ற இக்கோ-இக்கி அரண்: அங்கே 1574இல், வேலியிட்டு அடைக்கப்பட்ட மக்களை நொபுனாகா உயிரோடு எரித்தார், நொபுனாகாவின் வரலாற்றை எழுதிய அவருடைய ஆளே அந்த எண்ணிக்கையை 20,000 என்கிறார்.

கடைசியாக நெகோரோ-ஜிக்கு வாருங்கள். கீ மாகாணத்தில் இருந்த, ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவின் இந்தக் கோயில், துப்பாக்கியை வெகு சீக்கிரமே கைக்கொண்டு அதில் பெயரெடுத்தது. நாகினாதா படத்தை மனத்திலிருந்து கழற்றி வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1585இல், நொபுனாகாவுக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த தொயொதொமி ஹிதெயோஷியின் படை வந்தபோது கோயில் எரிந்தது, ஆனால் பெரிய கோபுரம் தப்பியது. அதன் மரச்சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்றும் பார்க்கலாம். அதே ஆண்டில் ஷிங்கோன் பிரிவின் கோயா மலைக் கோயில்கள் சண்டையின்றிப் பணிந்தன. மூன்றாண்டு கழித்து, 1588இல், ஹிதெயோஷி நாடெங்கும் ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். அந்த ஆணையைத் தேடிப்பிடித்து முழுவதும் வாசியுங்கள்: பறித்த வாள்கள் வீணாகமாட்டா, கட்டப்படும் பெரிய புத்தர் மண்டபத்துக்கு ஆணிகளாகவும் பட்டைகளாகவும் உருக்கப்படும், அதனால் உழவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது.