வெள்ளக் கம்பு கண்டா ஹார்ன் வேண்டாம், வண்டிய நிப்பாட்டுங்க

போன மாசம் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கண்ணு தெரியாத ஒரு அண்ணாச்சி வெள்ளக் கம்ப தட்டித் தட்டி பிளாட்பாரத்துல வந்தாரு. அங்க யாரோ பைக்க ஏத்தி நிப்பாட்டி வச்சிருக்காங்க. கம்பு பைக்குக்கு அடியில நுழைஞ்சு போயிட்டு, எதுலயும் தட்டல, வழி இருக்குன்னு நெனச்சு அவரு அடுத்த அடிய வச்சாரு, ஹேண்டில்பார் நேரா நெஞ்சுல இடிச்சிட்டு. ஒண்ணும் பேசல. பைக்க கையால தடவிப் பாத்துட்டு ரோட்டுல இறங்கி நடந்தாரு, உடனே பின்னால ஒரு மினிபஸ் ஹார்ன விடாம அமுக்குது, அவரு எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு தெரியாம அப்பிடியே நின்னுட்டாரு.

அதான் இத எழுதுறேன். 2017ல வந்த மோட்டார் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகள்ல, நடந்து போறவங்க, சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க விஷயத்துல டிரைவர் தனிக் கவனம் எடுக்கணும்னு இருக்கு. நம்ம இஷ்டத்துக்கு விட்ட காரியம் இல்ல, கடமை.

முதல்ல ஹார்ன். கண்ணு தெரியாதவருக்கு சத்தத்த வச்சுதான் வழியே, நீங்க ஹார்ன் அடிச்சா அந்த வழி அடைஞ்சு போவும். காது கேக்காதவருக்கு அடிச்சும் பிரயோஜனம் இல்ல, அவருக்கு காது கேக்காதுன்னு பின்னால இருந்து பாத்தா தெரியவும் செய்யாது, அதனால ஒருத்தர் விலகலன்னா திமிருன்னு நெனைக்காதீங்க, ஸ்லோ பண்ணுங்க. தேவையில்லாம ஹார்ன் அடிக்கதே அந்த ஒழுங்குமுறைப்படி தப்புதான்.

சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராஸிங்ல ஆள் கடந்தா வேகத்தக் குறைச்சு, நின்னு, வழி விடணும், வீல்சேர்ல வாறவங்களுக்கும் இதே சட்டம்தான். கோட்டுக்கு முன்னாலயே நில்லுங்க, கோட்டு மேல ஏறி நின்னா வீல்சேர் எப்பிடி சுத்திப் போவும்? முன்னால ஒரு வண்டி நின்னுட்டுன்னா ஏன் நிக்கான்னு பாக்காம வெட்டி முந்தாதீங்க, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில இத தெனமும் பாக்கேன், பாக்கும்போதெல்லாம் ஈரக்குல நடுங்குது.

பிளாட்பாரத்துல வண்டி ஓட்டவும் கூடாது, நிப்பாட்டவும் கூடாது. அஞ்சு நிமிசம்தானேன்னு சொல்லாதீங்க, அந்த அண்ணாச்சி நெஞ்சுல இடிச்சதும் அப்பிடி ஒரு அஞ்சு நிமிச வண்டியாத்தான் இருக்கும். சரிவுப் பாதைய மறிச்சு விட்டா வீல்சேர்க்காரங்க ரோட்டுலதான் போவணும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர்காரங்க இன்னும் கவனமா இருக்கணும், உங்க வண்டி வாறது கண்ணு தெரியாதவங்க காதுக்கு எட்டாது.

ஆபத்தா ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 184ம் பிரிவுல முதல் தடவையே 6 மாசத்துல இருந்து 1 வருசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 1000ல இருந்து 5000 ரூவா அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். இடிச்சிட்டா ஓடாதீங்க, 134ம் பிரிவுப்படி காயம் பட்டவருக்கு சிகிச்சை கிடைக்க வழி பண்ணணும், 108க்கு போன் போடுங்க, கூடிப்போனா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லியாவணும்.

வண்டிய ஓரமா நிப்பாட்டி இறங்கி உதவப் போறீங்கன்னா, கையப் புடிச்சு இழுக்காதீங்க. "அண்ணாச்சி, ரோட்ட கடக்கணுமா"ன்னு கேளுங்க, ஆமான்னா உங்க முழங்கைய அவரு புடிச்சுக்கிடட்டும், நீங்க அரை அடி முன்னால நடங்க. அந்தப் பக்கம் போனதும் "படி ஏறணும்"னு சொல்லி, கம்பு பிளாட்பாரத்துல தட்டின பிறகு கைய விடுங்க.