பாசிக்கு ஒன்று, கிரீஸுக்கு ஒன்று: பிரஷர் வாஷருக்கு எந்த சோப்பு?

தண்ணீரை அழுத்திப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் மெஷினைப் புதிதாக வாங்கிய தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, அழுத்தம் 120 பார்னு போட்டிருக்கு, போர்ட்டிகோ ஆயில் கறை அசையவே மாட்டேங்குதே?" அசையாதுதான். தண்ணீர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் எண்ணெயோடு சேராது. இடையில் ஒரு தரகர் வேண்டும்.

அந்தத் தரகர்தான் சோப்பு. அதன் மூலக்கூறுக்குத் தலை, வால் இரண்டும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய். வால்கள் எண்ணெய்த் துளிக்குள் புதைய, தலைகள் வெளியே வளைத்து நிற்கும். துளி தண்ணீரோடு கிளம்பிவிடும். எண்ணெய்த் தலைக்குச் சீயக்காய் போடுவதும் இதே கதைதான், அதிலுள்ள சப்போனின் செய்யும் வேலை.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, துணி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் தயிர்போலத் திரிந்தால் அது உப்புத் தண்ணீர். மாக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுவை வெட்டியெடுக்கும் சேலத்துக்காரர்களுக்கு மெக்னீசியம் புதிய பெயரில்லை. அதன் உப்பும் கால்சியம் உப்பும்தான் சோப்பைத் திரிக்கின்றன. அப்படியானால் சோப்புக் கட்டி வேண்டாம், டிடர்ஜென்ட் திரவமே நல்லது.

அடுத்து, அழுக்கைப் பாருங்கள். கடைக்காரரிடம் "நல்லதா ஒண்ணு குடுங்க" என்று கேட்காதீர்கள்.

கிரீஸ், ஆயில் என்றால் காரத்தன்மையுள்ள டிகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி. காரம் கொழுப்பில் கொஞ்சத்தைச் சோப்பாகவே மாற்றிவிடும். ஆனால் காஸ்டிக் சோடா கலந்தது அலுமினியத்தை அரிக்கும். காருக்கு பி.எச். 7ஐ ஒட்டிய, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை ஷாம்பு போதும்.

ஏற்காட்டு வீட்டுச் சுவர்ப் பாசிக்கு சோப்பு வீண். மேலே உள்ளதை மட்டும் வழித்துப் போடும், அடுத்த மழைக்குத் திரும்ப முளைக்கும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் கைத்தெளிப்பானில் அடியுங்கள். மெஷினுக்குள் விட்டால் சுண்ணாம்பு நாசிலை (தண்ணீர் பீய்ச்சும் முனையை) அடைக்கும், பம்ப் சீலும் கெடும். பக்கத்துச் செடிகளை முன்னும் பின்னும் நன்றாக நனையுங்கள். காப்பிச் செடி இருந்தால் இரட்டிப்பாக.

வெள்ளை உப்புக்கறைக்கு மென்மையான அமிலம், சிட்ரிக் ஆசிட் போல. மொசைக்கிலும் மார்பிளிலும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை எங்கள் வீட்டு மொசைக்கில் டாய்லெட் ஆசிட் ஊற்றினேன். பொங்கியது கறை இல்லை, தரையிலிருந்த மார்பிள் சில்லு! மங்கிய இடத்தின்மேல் இன்று ஃபிரிட்ஜ் நிற்கிறது.

ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு வரும். மூச்சுக்குழாயைப் பதம் பார்க்கும்.

இனி அடிப்பது. சோப்புக்குக் கறுப்பு நாசில். பல மெஷின்களில் அழுத்தம் குறைந்தால்தான் சோப்பை உறிஞ்சும். சுவரில் கீழிருந்து மேலாகப் பூசுங்கள், இல்லையென்றால் வழிந்த கோடுகள் படியும். 5 முதல் 10 நிமிடம் ஊறட்டும், காயக்கூடாது. சித்திரை வெயிலில் சேலத்தில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். மலைமேல் பிரச்சினை நேர்மாறு: ஊறுவதற்குள் மழை வந்து கழுவிவிடும்.

அலசுவது மேலிருந்து கீழே. வெள்ளை நாசில் 40 டிகிரி விரியும், பெயின்ட்டுக்கு அது போதும். சிவப்பு 0 டிகிரி, ஊசிபோலப் பாயும். அதை நான் பெட்டியைவிட்டு வெளியே எடுப்பதே இல்லை.

முடித்ததும் சோப்புக் குழாயை வெறும் தண்ணீர் வாளியில் போட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். காய்ந்த சோப்பு அடைத்தால் அடுத்த தடவை உறிஞ்சாது.