டெக்சஸ் பல்கலைக்கழக நிதி பார்முலா: கணக்குப் போடும்போது எங்கே தவறுகிறோம்?

டெக்சஸ் அரசு தன் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை ஒரு பார்முலாவின்படி பணம் ஒதுக்குகிறது. மாணவர்கள் படிக்கும் பாடங்களின் அளவை கிரெடிட் என்று எண்ணி, பாடத்துக்குப் பாடம் மாறும் செலவுக்கு ஏற்ப எடை போடுவார்கள். 2020-21 கணக்கைப் பார்த்தால், எடை போட்ட ஒரு கிரெடிட்டுக்கு 55.85 டாலர் என்று இருக்கும். ஒரு கிரெடிட் நடத்த இவ்வளவு செலவாகிறது போலும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

சட்டமன்றம் முதலில் மொத்தத் தொகையை முடிவு செய்கிறது. அதை மாநிலம் முழுவதும் உள்ள எடை போட்ட கிரெடிட்டுகளால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 55.85. அதாவது, இது இருப்பதைப் பங்கிடும் விகிதம். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் 5 சதவீதம் கூடி, மொத்தத் தொகை கூடாமல் நின்றால், விகிதம் இறங்கும். யாருக்கும் ஒரு டாலர்கூட அதிகம் வராது. மற்றவை 5 சதவீதம் வளரும்போது 2 சதவீதம் மட்டும் வளர்ந்த பல்கலைக்கழகம், வளர்ந்தும் பணத்தை இழக்கும். “சேர்க்கையைக் கூட்டினோம், நிதி ஏன் குறைந்தது?” என்று கேட்பவர்கள் மற்றவர்களின் வளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. கலைப் பாடங்களின் தொடக்க நிலை வகுப்புக்கு எடை 1.00, மற்ற துறைகளும் மேல்நிலைகளும் அதை வைத்தே அளக்கப்படுகின்றன. பல்கலைக்கழகங்கள் உண்மையில் செய்த செலவை ஆராய்ந்து, மூன்றாண்டுச் சராசரி எடுத்து இந்த எடைகளை நிர்ணயிக்கிறார்கள். இதை வைத்து ஒரு துறைத்தலைவர், “எங்கள் பாடத்தின் எடை மூன்று, ஆகவே அந்தப் பணம் எங்களுடையது” என்று வாதிட்டால் அது செல்லாது. பார்முலா பணம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக வருகிறது. உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது நிர்வாகத்தின் முடிவு. அதிக எடையுள்ள பாடம் லாபம் தரும் என்று நம்பிப் புதுப் படிப்பு தொடங்குவதும் ஆபத்து. எடை அதிகம் என்றால் செலவும் அதிகம் என்றுதானே பொருள்!

புதுப் படிப்பில் இன்னொரு சிக்கல், காலம். 2024-25 ஒதுக்கீட்டுக்கு எண்ணப்பட்டவை 2022 கோடை, 2022 இலையுதிர், 2023 வசந்தப் பருவங்களின் கிரெடிட்டுகள். 2023 இலையுதிர் பருவத்தில் வந்து சேர்ந்த மாணவர், 2025 செப்டம்பரில் தொடங்கும் ஈராண்டில்தான் கணக்கில் தெரிவார், அதுவும் 2024 கோடையிலிருந்து தொடர்ந்து படித்தால். ஆசிரியருக்குச் சம்பளமோ முதல் நாளிலிருந்தே தர வேண்டும். இடைப்பட்ட காலத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதாத திட்ட அறிக்கையை நான் முழு அறிக்கையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, மருத்துவ, சுகாதாரக் கல்வி நிறுவனங்களுக்கு வருவோம். இங்கே கிரெடிட்டை எண்ணுவதில்லை. முழுநேரத்துக்குச் சமமாக்கிய மாணவர் எண்ணிக்கைதான் அளவு. நீண்ட காலமாகப் பயன்பட்டு வந்த எடைகள்: துணை மருத்துவப் படிப்பு 1.000, செவிலியர் 1.138, மருந்தியல் 1.670, மருத்துவம் 4.753. ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் செவிலியர் படிப்பையும் சுகாதார அறிவியல் மையத்தின் செவிலியர் படிப்பையும் பக்கத்தில் வைத்து எடைகளை ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒன்று கிரெடிட் கணக்கு, மற்றொன்று ஆள் கணக்கு. எண்கள் ஒத்துப் போனாலும் அதற்குப் பொருள் இல்லை.

மாணவர்களை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்துவதும் தவறு. மேற்பயிற்சியில் இருக்கும் ரெசிடன்ட் மருத்துவர்களுக்குத் தனிப் பார்முலா, ஆராய்ச்சிக்குத் தனிப் பார்முலா, கட்டடப் பராமரிப்புக்குத் தனிப் பார்முலா உண்டு. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தை மாணவர் எண்ணிக்கையால் அளந்தால் படமே மாறிவிடும். அங்கே சிகிச்சை பெறும் டெக்சஸ் நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்து அதற்கென்றே ஒரு பார்முலா இருக்கிறது.

கட்டடம் என்றதும் நினைவுக்கு வருகிறது: புதுக் கட்டடம் எழுப்பினால் பராமரிப்பு நிதி தானாகக் கூடிவிடாது. உண்மையில் இருக்கும் சதுர அடியை விட்டுவிட்டு, இவ்வளவு இடம் தேவை என்று ஒரு கணக்கு மாதிரி கணிக்கும் சதுர அடியைத்தான் பார்முலா எடுத்துக்கொள்கிறது.

ஒதுக்கீடு முழுவதும் கஜானாவிலிருந்து வருகிறது என்று எண்ணுவதும் பரவலான பிழை. டெக்சஸ் மாணவர் கிரெடிட்டுக்கு 50 டாலர் என்று சட்டப்படி கட்டும் கட்டணமும் பார்முலா தொகைக்குள் அடங்கும். பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்கள் 2003-இல் கிடைத்த அதிகாரத்தால் தாங்களே நிர்ணயிக்கும் கட்டணம் அதற்கு வெளியே நிற்கிறது. மாணவரின் ரசீதில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், ஆனால் கணக்கில் வேறு வேறு இடம். ‘அரசு இவ்வளவு தந்தது’ என்று எழுதுவதற்கு முன் மாநிலத்தின் பொது வருவாய் நிதியிலிருந்து, அதாவது கஜானாவிலிருந்து, வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

கடைசியாக, உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியத்தின் பரிந்துரையை ஒதுக்கீடாக எண்ணித் திட்டம் போடாதீர்கள். வாரியம் எண்களை முன்வைக்கும். ஒற்றைப்படை ஆண்டில் கூடும் சட்டமன்றம் அவற்றை ஏற்கலாம், மாற்றலாம், ஏற்காமலும் விடலாம். அப்புறம் ஆளுநருக்கு பட்ஜெட்டின் தனித்தனி வரிகளை வெட்டும் அதிகாரமும் இருக்கிறது.