அக்கினி மூலையைப் பார்க்கும் டிஷ்: இலவச ஹெச்டிக்கு ஆன்டெனா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொருக்குப்பேட்டையில் இருக்கும் சித்தப்பா போன மாதம் ஆன்லைனில் ஓர் ஆன்டெனா வாங்கினார். காலண்டர் அட்டை அளவில், மெல்லிசாக, கறுப்பாக ஒரு தகடு. பெட்டிமேல் '4கே', 'ஹெச்டி', '1000 மைல்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஜன்னல் கம்பியில் கட்டினார், பீரோமேல் வைத்தார், கடைசியில் மொட்டை மாடிவரை கொண்டுபோனார். ஒரு சேனல்கூட வரவில்லை. என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, நூறு சேனல் வரும்னு போட்டிருக்கே, டிவிதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

டிவி நன்றாகத்தான் இருந்தது. தகட்டிலும் பழுது இல்லை. அது வேலை செய்ய வேண்டிய ஊர்தான் வேறு. யோசனை சொன்னது டல்லாஸில் இருக்கும் அவர் மகன். அங்கே அவன் இதே மாதிரி ஒரு தகட்டை ஜன்னலில் ஒட்டிவைத்து, மாதக் கட்டணம் இல்லாமல் ஹெச்டியில் கால்பந்து பார்க்கிறான். அவன் சொன்னது பொய் இல்லை. அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ், பிபிஎஸ் எல்லாமே கோபுரத்திலிருந்து வான்வழியாக இலவசமாகவே ஒளிபரப்பாகின்றன. டல்லாஸ் பகுதியின் முக்கியமான டிவி கோபுரங்கள் சீடர் ஹில் என்ற ஒரே இடத்தில் நிற்பதால், தகட்டை அந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

இங்கே நிலைமை வேறு. இந்தியாவில் தரைக் கோபுரத்திலிருந்து டிவி ஒளிபரப்பும் உரிமை தூர்தர்ஷனுக்கு மட்டும்தான். சன், விஜய், ஜீ தமிழ் எதுவுமே கோபுரம் வழியாக வராது. என்ன விலை கொடுத்து எந்த ஆன்டெனா வாங்கினாலும் இல்லாத அலையைப் பிடிக்க முடியாது. காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கடையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து வருபவை.

பெட்டியில் போட்டிருக்கும் வார்த்தைகளையும் சொல்லிவிடுகிறேன். 'ஹெச்டி ஆன்டெனா' என்று தனியாக ஒரு சாதி கிடையாது. ஆன்டெனா பிடிப்பது அலையை. அந்த அலைக்குள் இருக்கும் படம் ஹெச்டியா, 4கேயா என்பது அதற்குத் தெரியாது. அலைவரிசை பொருந்தினால் எண்பதுகளில் வாங்கிய அலுமினிய ஆன்டெனாவும் ஹெச்டி படத்தைக் கொண்டுவரும். '1000 மைல்' சுத்தப் புளுகு. டிவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. நல்ல உயரமான கோபுரமாக இருந்தாலும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் அலை தலைக்குமேலே போய்விடும். 1000 மைல் என்றால் கிட்டத்தட்ட டெல்லிக்கே போய்விடலாம்.

வடசென்னை மொட்டை மாடிகளில் இன்னும் சில அலுமினிய ஆன்டெனாக்கள் நிற்கின்றன. காக்கை உட்காரவும் காத்தாடி நூல் சிக்கவும்தான் இப்போது பயன்படுகின்றன. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்தக் காலத்தில் வைத்த ஆன்டெனாக்கள் எல்லாம் தெற்கே, சேப்பாக்கம் பக்கத்தைப் பார்த்து நிற்கும். ஆனால் அந்த அனலாக் ஒளிபரப்பு போய்விட்டது. நாடு முழுக்க, எல்லைப் பகுதி போன்ற சில முக்கிய இடங்களைத் தவிர, 2022 மார்ச்சோடு அனலாக் கோபுரங்கள் மூடப்பட்டன. சரி, டிஜிட்டல்? 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற முறையில் தூர்தர்ஷன் டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதில் சென்னையும் ஒன்று. அதுவும் தூர்தர்ஷனின் சொந்த சேனல்கள் சிலவற்றைத்தான் தரும், அதைப் பார்க்க டிவியில் டிவிபி-டி2 டியூனர், அதாவது அந்த அலையைப் படமாக்கும் பாகம், இருக்க வேண்டும். ஆன்டெனாவுக்குப் பணம் போடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு சாணில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 15 சென்டிமீட்டர் செம்புக் கம்பியை டிவியின் ஆன்டெனா துளையின் நடுவில் செருகி, தெற்கு பார்த்த ஜன்னல் அருகே டிஜிட்டல் தேடலை ஓட்டிப் பாருங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை தூரத்தில் எதுவுமே சிக்கவில்லை என்றால் ஆன்டெனா எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

சிக்னல் வரவில்லை என்றதும் பூஸ்டர் வாங்குவது பழைய தலைமுறையின் பழக்கம். பூஸ்டர் அலையை உண்டாக்காது. வந்த அலையோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும், அவ்வளவுதான். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் டியூனர் திணறி, வந்துகொண்டிருந்த படமும் போய்விடும். தெருமுனையில் மொபைல் கோபுரம் இருந்தால் அதன் அலையையும் சேர்த்து வாரி உள்ளே கொட்டும்.

ஆக, இங்கே மாதக் கட்டணம் இல்லாமல் ஹெச்டி வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது தகட்டை அல்ல, டிஷ்ஷை. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. இப்போது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் சிறு கருவி), பாக்ஸ், ஒயர் எல்லாம் சேர்த்து ஒரே தடவை சுமார் 2,000 ரூபாய் செலவு. அப்புறம் ரீசார்ஜ் கிடையாது.

வாங்குமுன் வீட்டில் பேசிவிடுங்கள். இலவசம் என்றதும் எல்லா சேனலும் வந்துவிடும் என்று நினைத்து, பிறகு ராத்திரி சீரியல் இல்லையே என்று சண்டை போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய தமிழ் பொழுதுபோக்கு சேனல்கள் கட்டணச் சேனல்கள், அவை இதில் இல்லை. தனியார் சேனல்கள் இதில் இடம்பெறத் தூர்தர்ஷன் நடத்தும் ஏலத்தில் இடம் எடுக்க வேண்டும். அப்படி எடுப்பவற்றில் பெரும்பகுதி இந்தி. தமிழுக்கு டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரிவரை பொதிகை என்று இருந்தது, வரும். சீரியல் இல்லாமல் முடியாத வீடு என்றால் கேபிள்காரரை விட வேண்டாம், இதை இரண்டாவது டிவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸ் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். கடையில் இரண்டு விலை சொல்வார்கள். மலிவானது பழைய எம்பெக்-2 பாக்ஸாக இருக்கும். எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. அதில் சேனல் வரும், ஆனால் டிடி நேஷனல் ஹெச்டி, டிடி நியூஸ் ஹெச்டி போன்றவை வராது. ஹெச்டிக்கு எம்பெக்-4 பாக்ஸ் வேண்டும். ரிச்சி தெருவில் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சொன்னால் நம்பாமல், பெட்டியில் எம்பெக்-4 என்று அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதைச் சரியாக வாங்கியவர்களும் வீட்டுக்கு வந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரில் இணைத்துவிடுகிறார்கள். அந்த மஞ்சள் ஒயரில் ஹெச்டி போகாது. ஹெச்டிஎம்ஐ ஒயர்தான் வேண்டும். புது டிவியாக இருந்தால் பின்பக்கம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருகி மாட்டும் சாட்டிலைட் துளை தனியாக இருந்தால் உள்ளேயே சாட்டிலைட் டியூனர் இருக்கலாம், பாக்ஸே தேவைப்படாமல் போகலாம்.

பழைய டிடிஹெச் டிஷ் மாடியில் சும்மா கிடக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள், ஆனால் அது நிற்கும் திசையிலேயே ஒயரை மாற்றிச் செருகிவிட்டு வராது என்று முடிவும் கட்டாதீர்கள். பல நிறுவனங்களுக்கு வேறு வேறு செயற்கைக்கோள். டாடா பிளே 83 டிகிரி, ஏர்டெல் 108.2 டிகிரி, ஃப்ரீ டிஷ் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. டாடா பிளே, ஏர்டெல் டிஷ் என்றால் திருப்பியே ஆக வேண்டும்.

எந்தப் பக்கம் என்பதில்தான் நம் ஊருக்கு ஒரு வசதி. கடலைப் பார்த்து நில்லுங்கள், அது கிழக்கு. அங்கிருந்து வலப்பக்கம் பாதித் திருப்பம். அதாவது தென்கிழக்கு, வாஸ்து பார்க்கிறவர்கள் சொல்லும் அக்கினி மூலை. கணக்காகச் சொன்னால் காம்பஸில் சுமார் 134 டிகிரி. உயரக் கோணம் சுமார் 68 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்குமேல். டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது. அதன் வளைவு அப்படி, பார்வைக்குத் தாழ்ந்து தெரியும், உண்மையில் தெரிவதைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கும். இது புரியாமல் டிஷ்ஷை வானத்தைப் பார்க்கத் தட்டு மாதிரி மல்லாத்தி வைத்த ஒரு வீட்டில், மழை பெய்தால் தண்ணீர் நின்றது.

இவ்வளவு செங்குத்தாக அலை வருவதால் சந்து பொந்தான தெருக்களிலும் பிரச்சினை குறைவு. எதிர்வீட்டுச் சுவர் டிஷ்ஷிலிருந்து பத்தடி தள்ளி இருந்தால், டிஷ்ஷைவிட 25 அடி உயரமாக இருந்தால்தான் மறைக்கும். 'பக்கத்தில் அபார்ட்மென்ட் கட்டிட்டாங்க, இனிமே வராது' என்று பயப்படுகிறவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இதே கோணம் குடியிருப்பு வாரிய வீடுகளில் பால்கனிக்குள் டிஷ் வைப்பவர்களுக்கு எதிரி. மேல்மாடித் தளமே அலையை மறைத்துவிடும். கிரில்லுக்கு வெளியே தள்ளி மாட்ட வேண்டும், பால்கனியும் கிழக்கோ தெற்கோ பார்த்திருக்க வேண்டும்.

திருப்பும்போது டிவியில் இரண்டு கோடு தெரியும், ஒன்று சிக்னல் பலம், இன்னொன்று தரம். பலம் எண்பதைக் காட்டுகிறது என்று சந்தோஷப்பட்டு நட்டை இறுக்கிவிடுகிறார்கள். எல்என்பிக்குக் கரண்ட் போனாலே பலம் ஏறிவிடும், எதிரே செயற்கைக்கோள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பார்க்க வேண்டியது தரத்தை. விரல் அகலம் அசைத்துவிட்டு நாலைந்து நொடி காத்திருங்கள், பாக்ஸ் மெதுவாகத்தான் சொல்லும். தரம் வந்தும் பாதிச் சேனல்தான் வருகிறது என்றால் எல்என்பியை அதன் பிடிக்குள் மெல்லத் திருப்பிப் பாருங்கள். செங்குத்து அலையும் கிடைமட்ட அலையும் தனித்தனியாக வருகின்றன. அது சாய்ந்து நிற்க வேண்டிய அளவு நம் ஊரில் அதிகம்.

கடைசியாக உப்புக்காற்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியே சாட்சி. ஆனாலும் டிஷ் வாங்கும்போது தகரத் தாங்கியும் சாதா நட்டும் வாங்கிவிடுகிறார்கள். துத்தநாகம் பூசிய தாங்கி, துருப்பிடிக்காத நட்டு, தடிமனான ஆர்ஜி-6 ஒயர், இந்த மூன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். எல்என்பியில் ஒயர் சேரும் இடத்தில் ரப்பர் உறை போட்டு, ஒயரைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். தண்ணீர் அந்த வளையத்தில் சொட்டிவிடும், உள்ளே போகாது. ஒயரை ஈபி லைன்மேல் வீசிக் கொண்டுபோக வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் கனமழை கொட்டும்போது படம் சிறிது நேரம் உறையும், அது இந்த அலைவரிசையின் குணம். 60 சென்டிமீட்டருக்குப் பதில் 75 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் அது குறையும். ஆனால் பெரிய டிஷ் பெரிய காற்றையும் பிடிக்கும். 2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் பறந்துபோனதெல்லாம் கைப்பிடிச் சுவரில் இரண்டே ஆணியில் நின்றவைதான். நாலு போல்ட்டும் சுவருக்குள் இறங்கியிருந்தவை திசை மாறின, ஆனால் இடத்தைவிட்டுப் போகவில்லை.

சித்தப்பா மாடியில் இப்போது 75 சென்டிமீட்டர் டிஷ் இருக்கிறது. அந்தக் கறுப்புத் தகட்டைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. அடுத்த தடவை மகன் வரும்போது அவனிடமே கொடுத்துவிடப்போகிறாராம், டல்லாஸில் அது வேலை செய்யும்.